பெரிய டயரும் என் கைக் குங்குமமும்

வண்டியை விற்றுவிடலாம் என்று என் கொழுந்தனார் சொன்னபோது, நான் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிற ஒருத்தியிடம் பேசுகிற பேச்சா அது? என் வீட்டுக்காரர் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கிய பழைய பிக்கப் அது. பெயருக்குத்தான் ஆளுக்குப் பாதி. ஓட்டியதெல்லாம் என் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் நான். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. வண்டி எப்பவும் தார் ரோட்டுலயே நிக்குது. காட்டுக்கு ஏறி வரமாட்டேங்குது. கெழங்கு தலையிலதான் எறங்குது. அப்புறம் அந்த வண்டி எதுக்குங்க? வாங்கறதுக்கு ஆளு பார்த்து வெச்சிருக்கேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மலைமேல் செம்மேட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடம் வரைக்கும் தார் ரோடு. அதற்கு மேல் வீடு வரை ஏற்றம், பாறையும் குண்டுக்கல்லும். வண்டியின் பின்னச்சு நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை கல்லில் இடித்து நின்றுவிடும். இதற்குள் கீழ்நாட்டு வியாபாரி ஒருவரின் டிராக்டர் காட்டுக்கே ஏறி வர ஆரம்பித்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக என் வண்டியை விட்டு அதில் கிழங்கு ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் கழுத்து ஒன்றுதான். வண்டி போனால் நான் அடுத்தவர் மிளகுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். சொந்த வண்டியில் கியர் போட்ட கை அது. எனக்கு அது ஆகாது.

"வண்டி வாசலுக்கு வந்தா?" என்று கேட்டேன்.

"வரட்டுங்க. மழைக்கு முன்னால ஊட்டு வாசலுக்கு வரட்டும். முழு லோடோட ஒருக்கா நல்லபடியா கீழ எறங்கட்டும். அப்புறம் நான் வாயத் தொறந்தா கேளுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு விரட்டியது.

அங்கே மெக்கானிக் தம்பியிடம், பெரிய டயர் மாட்டு என்றேன். வண்டி கல்லைத் தாண்டினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "பழைய வண்டி அக்கா இது. இழுவை கொறையும். பிரேக்கு சீக்கிரம் தேயும். மீட்டரு தப்பாக் காட்டும்."

"மீட்டரப் பார்த்து ஓட்டறவ இல்ல நானு. கல்லப் பார்த்து ஓட்டறவ. மாட்டு."

மாட்டினான். பழைய டயரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது புதியது இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. சரி என்று அவனும் சொன்னான், நானும் தலையாட்டினேன். அங்கேதான் கோட்டை விட்டோம். ஆனால் அப்போது தெரியவில்லை.

புது டயருக்குப் பூசை போடாமல் யார் வண்டியை எடுப்பார்கள்? எலுமிச்சம்பழம், கற்பூரம், குழைத்த சந்தனம், குங்குமம் எல்லாம் தட்டில் வைத்தேன். கொழுந்தனாருக்கு வீடு அங்கேதான் பக்கத்தில். யார் சொன்னார்களோ, சரியாக வந்து நின்றார். வந்தவர் தட்டை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார்.

"நீங்க வேண்டாங்க அண்ணி. நான் வெச்சர்றேன்."

"ஏனுங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தெரியாதவங்க மாதிரி கேக்கறீங்களே. புது டயரு. நல்ல கை வெக்கோணுமில்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் மலை வழக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. புருஷன் போனவளை இன்னொரு கல்யாணம் கட்டிக்கொள்ளச் சொல்வார்களே தவிர, யாரும் கையிலிருந்து குங்குமத்தைப் பிடுங்க மாட்டார்கள். இவரும் அதே மலையில் பிறந்து வளர்ந்தவர்தான். கீழே குடிபோய் நாலு காசு பார்த்ததும் யாரிடமோ இதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"டயரு மாட்டுனது நானு. ஓட்டப்போறது நானு. பொட்டு மட்டும் நீங்களா? தள்ளுங்க."

கோபத்தில் பொட்டு பொட்டாக வைக்கவில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்து அள்ளி நாலு டயர் ஓரத்திலும் சுற்றிவரப் பூசினேன். மெக்கானிக் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டான். கொழுந்தனார் முகம் கறுத்தது. கறுக்கட்டும்.

வண்டி ஏறியது. அதை நான் எப்படிச் சொல்ல! எந்தக் கல்லில் என் வீட்டுக்காரர் எப்போதும் நிறுத்தி இறங்குவாரோ, அந்தக் கல்லை முதல் கியரில் மெல்ல ஏறித் தாண்டி, வீட்டு வாசலில் போய் நின்றது. ஆரன் அடித்தேன். தெருவே வந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாளே முழு லோடு கிழங்கோடு, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு இறங்கினேன். எங்கள் மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. முதலில் வந்த வளைவுகள் எல்லாம் அகலமானவை, தொல்லையில்லை. குறுகலான வலதுபக்க வளைவு ஒன்று வந்தது. ஒடித்தேன். பாதியில் ஸ்டியரிங் நின்றுவிட்டது. டயர் எதையோ கடித்துக்கொண்டு கரகரவென்று கத்தியது. எதிரே பஸ் ஏறி வருகிறது. பஸ்ஸுக்குப் பின்னால் வாசலூர்பட்டி ஏரிக்குப் படகுச் சவாரி போகிற சுற்றுலாக் கார்கள் வரிசையாக.

"ஏம்மா, ஓட்டத் தெரியாம எதுக்கு மலைக்கு வர்றே?" என்றார் பஸ் டிரைவர்.

"நான் மலைக்கு வரலீங்க. நான் மலையிலதான் இருக்கேன்!" என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய? பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து, மறுபடி பின்னால் எடுத்து, ஒருவழியாக வழிவிட்டேன். கார்க்காரர்கள் செல்லில் படம் பிடித்தார்கள். அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு வலது வளைவிலும் அதே கூத்துதான்.

லோடை இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் போனால், கொழுந்தனார் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். அதற்குள் யாரோ அனுப்பிவிட்ட அந்தப் படம் அவர் செல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன். கேட்டீங்களா? வெக்கக் கூடாத கை வெச்சா இப்படித்தான். சந்தையன்னிக்கு வாங்கற ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"மழை பேஞ்சிருச்சாங்க?" என்றேன்.

"என்னது?"

"மழைக்கு முன்னாலன்னு சொன்னீங்க. வானத்தப் பாருங்க. கெளம்புங்க இப்ப."

வாய்தான் அப்படிப் பேசியது. ஒருவேளை என் கைதானோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவே என்னை நானே திட்டிக்கொண்டேன். மெக்கானிக் தம்பி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காட்டினான். "எங்கியுமே தொடலையேக்கா!" நிஜம்தான், தொடவில்லை. நான் குனிந்து வலது மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினேன். கை சிவப்பாக வெளியே வந்தது. ரத்தம் என்று பயந்து பார்த்தேன். ரத்தமில்லை, குங்குமம்.

முன்பக்கம், தகரம் உள்ளே மடிந்திருக்கும் இடத்தில் அது அப்படியே ஒட்டியிருந்தது. கறுப்புத் தகரத்தில் கறுப்பு ரப்பர் உரசினால் யார் கண்ணுக்குத் தெரியும்? என் குங்குமம் உரசிய இடத்தைக் காட்டிக்கொடுத்தது. இப்போது ஏன் தொடவில்லை என்பதும் விளங்கியது. கீழே இருக்கிறவர்கள் மலைக்கு லோடு ஏற்றிப் போவார்கள். நாங்கள் வெறும் வண்டியாக ஏறி, லோடோடு இறங்குகிறவர்கள். இறக்கத்தில் கிழங்கின் பாரமெல்லாம் முன்பக்கம் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, டயர்மேல் தகரம் உட்கார்ந்துவிடுகிறது. நாங்களோ சமதரையில் வெறும் வண்டியை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றோம். அவனுக்குத் தெரியாமல் போனது சரி, எனக்குமா?

"சுத்தியல எடு. எங்கூட மேல வா," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க வண்டியை நிறுத்திக் கல் முட்டுக் கொடுத்தோம். முன் டயர்கள் இரண்டிலும் மறுபடி குங்குமம் பூசினேன். பாரத்துக்கு என்ன செய்வது? தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். "ஏறுங்க சாமி, எல்லாரும் முன்னால நெருக்கி நில்லுங்க." ஒருத்தி விடாமல் ஏறினார்கள். வண்டி அமுங்கியது. நான் ஸ்டியரிங்கை ஒடிக்க, டயர் கரகரத்தது. எங்கே சிவப்பு ஒட்டியதோ அங்கே தம்பி தட்டினான். தட்டி மடக்கியதும் மறுபடி ஒடித்தேன், மறுபடி சிவப்பு, மறுபடி தட்டல். மேலே நின்றவர்கள், "எங்களக் கெழங்குன்னே முடிவு பண்ணிட்டியா கண்ணு?" என்று கூச்சல் போட்டார்கள். கடைசியில் கோடிவரை ஒடித்தும் தகரம் சுத்தமாக இருந்தது. அன்றைக்கே மூன்று பேர் தங்கள் கிழங்கை என் வண்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த லோடுக்குக் கொழுந்தனாரை மேலே வந்து வண்டியில் என்னோடு இறங்கச் சொன்னேன். சந்தை நாள் அது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாங்குகிற ஆளைப் பார்க்கத் தயாராக வந்திருந்தார். அந்தக் குறுகலான வலது வளைவு வந்தபோது முன்னால் இருக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஒரே ஒடி ஒடித்தேன். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. அடுத்த வளைவும் அப்படியே. வண்டியை விற்கிற பேச்சுக்கு அடிவாரம் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அந்த மட்டில் மனிதர்தான்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இறங்கும்போது அவர் வேட்டி முன் டயரில் உரசியது. முழங்காலுக்குக் கீழே நீளமாகச் சிவப்புப் பட்டை. குனிந்து தட்டினார். தட்டத் தட்டப் பரவியது.

"இது என்னங்க அண்ணி?"

"பயப்படாதீங்க. என் கை வெச்சதுதான்," என்றேன். "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க."

அவர் அந்த வேட்டியோடு சந்தைக் கூட்டத்துக்குள் நடந்தார். நான் சேகோ மில்லுக்கு வண்டியை எடுத்தேன்.