எலுமிச்சையைக் கிள்ளிய கை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஓர் எலுமிச்சம்பழம் பழுத்தது.

சிரிக்காதீர்கள். இந்த டிக்கோயாத் தேயிலை மலைக் குளிரில், மண்ணெண்ணெய் டின்னில் நின்ற செடி பழம் தந்தால் அது சின்ன விஷயமா? அதுவும் என் குடித்தனமே அந்த டின்னை நம்பியிருந்தபோது...

என் மனைவி மரகதம் மாத்தளைப் பெண். வெயிலும் எலுமிச்சையும் குறைவில்லாத ஊர். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு மலையேறியபோது மூன்று எலுமிச்சைப் பதியன் கன்றுகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த மாதமே இருமல். மாத்தளைக்கு டிரான்ஸ்பர் கேளுங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுப் போக மனசில்லை. கடைசியில் ஓர் உடன்படிக்கை.

"இதுல ஒண்ணாவது இங்க காய்ச்சிச்சுன்னா நானும் இருந்துக்கிறேங்க. இல்லாட்டி ரெண்டாவது சித்திரைக்கு விண்ணப்பத்தைப் போட்டுரணும்."

விண்ணப்பத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல், டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அன்று முதல் நான் எலுமிச்சை வைத்தியன்!

முதல் மழைக்காலத்திலேயே இரண்டு கன்றுகள் வேர் அழுகிச் செத்தன. டின்னுக்கு அடியில் ஓட்டை போட வேண்டும் என்று படித்த மண்டைக்குத் தோன்றவில்லை. பத்திரிகையின் இந்தப் பத்தியில் புலம்பியிருந்தேனே, நினைவிருக்கிறதா? பூண்டுலோயாவிலிருந்து ஒரு வாசகர் போஸ்ட்கார்ட் போட்டார் — ஆணியால் நாலு ஓட்டை, அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில்லு, மண்ணை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர். மூன்றாவது செடி பிழைத்தது அவரால்தான். ஐயா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

பகலில் வெயில் போகும் பக்கமெல்லாம் டின்னை நகர்த்தினேன். பனிக்காலத்தில் அடுப்படிச் சுவரோரம் வைத்தேன். ஆட்டுப் புழுக்கை, சாம்பல்... செடி துளிர்த்தது. ஆனால் துளிர்த்த நுனிகள் வாரா வாரம் காணாமல் போயின! புழுவா? ஆடா? பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து இலை இலையாகத் தேடினேன். புகையிலைத் தண்ணீர் தெளித்தேன். நுனி போய்க்கொண்டே இருந்தது. கெடுவில் முதல் சித்திரையும் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது கள்வனைக் கண்டேன்.

முத்தம்மாக்கா! கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ் லயத்தில் இருப்பவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறவர். மரகதத்தின் இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அவளுக்கு இங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. தினமும் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, செடிக்குப் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் பேசுவார். அன்றும் வாய் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கை மட்டும் தனியாகக் கொழுந்து பறிக்கும் வேலையைச் செய்தது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளித் தோளுக்கு மேலே பின்னால் எறிந்தது. முதுகில் கூடைகூட இல்லை!

நான் வாய் திறக்குமுன் மரகதமும் பார்த்துவிட்டாள். அக்கா, என்ன வேலை இது என்று சத்தம் போட்டாள்.

முத்தம்மாக்கா தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "ஆத்தாடி... நான் கிள்ளலடி புள்ள. இந்தக் கைதான் கிள்ளியிருக்கு."

அதில் பொய் ஏது? கல்யாணப் பத்திரிகை கையில் வந்தால் என் விரல் பிழை திருத்தச் சிவப்புப் பென்சிலைத் தேடுகிறதே, நானா தேடச் சொன்னேன்?

அதற்குப் பிறகு வெட்கப்பட்டு அவர் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். மரகதம் மாலை முழுவதும் தனியாக அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். செடி காய்த்தாலும் இனி இவள் இங்கே இருக்கமாட்டாள் என்றே நினைத்தேன். மூன்றாம் வாரம் அவளே லயத்துக்கு இறங்கிப் போய் அழைத்து வந்தாள்.

"செடி போனாப் போகுதுக்கா. நீங்க வராம எனக்குப் பொழுதே போகல."

அன்று முதல் முத்தம்மாக்கா இரண்டு கையையும் கம்பளிக்குள் பூட்டிக்கொண்டுதான் பேசுவார். குளிருக்கு இல்லை, கைக்குக் காவல்!

செடி என்ன செய்தது தெரியுமா? அத்தனை மாதம் நுனி போனதில், தேயிலை மாதிரியே தாழ்ந்து, அடர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. கிள்ளுவது நின்றதும் கிளைக்குக் கிளை வெள்ளைப் பூ. என் வைத்தியத்தில் வளர்ந்திருந்தால் ஒற்றைக் குச்சியாக ஓங்கி, இந்த மலைக்காற்றில் முறிந்திருக்கும். இப்போது பதினான்கு காய்கள்! நாம் கெடுதல் என்று நினைத்து மருந்து தெளித்தது எத்தனை நல்லதுகளின் மேலோ...

முதல் பழம் முத்தம்மாக்காவுக்குத்தான். செவ்வாய் மாலை மரகதமே கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள். பிறகு இருவரும் வேலியோரம் நின்று பேச்சில் இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முத்தம்மாக்காவின் கைகள் கம்பளிக்குள் பத்திரம். ஆனால் மரகதத்தின் கை? என் ரோஜாச் செடியில் இருந்தது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளித் தோளுக்கு மேலே எறிந்தாள்.

ஓசைப்படாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

ரோஜா போனால் போகட்டும்!