வல்லக்கோட்டையிலிருந்து தாம்பரம்: 30 கி.மீ., ஒரு புது வால்வு

இந்த வலைப்பூவில் இதுவரை பைக், மலை, டீக்கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. வீட்டில் யாருக்காவது தொடை வழியாக இதய வால்வு மாற்றப் போகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தாறு. நெஞ்சைத் திறக்காமலே புது வால்வு வைத்து, நான்காம் நாள் வல்லக்கோட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கு, என் மனைவி லதா ஷிப்டுக்குப் போன பிறகு, மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நெஞ்சுல இன்னாமோ அழுத்திக்கினே கீது."

நான் ஒரகடத்தில் பம்ப் பழுது பார்க்கும் ஃபிட்டர். இருபது வருட மேதாவித்தனம் சும்மா இருக்குமா?

"புது வால்வு அத்தே. செட் ஆவ ரெண்டு நாள் ஆவும்."

தலையாட்டினார். மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு பேசுகிறவர் இல்லை அவர். சாயங்காலம் லதா வந்தபோதும் நாங்கள் இருவரும் அவளிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வியாழன் காலை 6.10. வியர்த்துக் கொட்டி, சுவரோடு சாய்ந்துவிட்டார். 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் தெருமுனை டாக்ஸியைப் பிடித்தோம், 1,200 ரூபாய். ஓட்டியவர் திருநெல்வேலிக்காரர்.

"ஷிப்ட் பஸ்ஸெல்லாம் வார நேரம்லா, அண்ணாச்சி. ஒரகடத்துல மாட்டிக்கிட்டோம்னா அவ்வளவுதான்."

மாட்டிக்கொண்டோம். மேம்பாலத்துக்குக் கீழே மட்டும் 25 நிமிடம். தாம்பரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு.

அவசரப் பிரிவு டாக்டர் முதலில் கேட்டது: "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

மாமியார் முந்திக்கொண்டார். "இப்பதான் சார். காலைல எய்ந்ததும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் லதா நின்றிருந்தாள். நான் திருத்தவில்லை.

பத்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். "புது வால்வு நல்லாத்தான் வேலை செய்யுது. அது ஓரமா தள்ளின பழைய வால்வோட இதழ், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாயோட வாயை அடைச்சிடுச்சு. அபூர்வமா வரும். ஸ்டென்ட் வெச்சிருக்கோம், ஆனா இதயம் ரொம்ப பாதிச்சிடுச்சு."

மதியம் 12.40-க்கு இறந்துவிட்டார்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. வால்வு வைத்த பிறகு நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வால்வு எதுவும் 'செட்' ஆவதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வலி எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டால், யார் மானம் போனாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

புதன்கிழமையே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. லதாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை. என் பதிவுகளை எப்போதும் முதலில் படிப்பவள் அவள்தான்.