வயர்ப் பெட்டிக்குப் பொட்டு

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் யாரைக் கேட்டாலும் சகாதேவனைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். ஆயுதபூஜை அன்று ஊரில் உள்ள சுத்தியும் ஸ்பானரும் சந்தனம் குங்குமத்தோடு மினுங்கிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் மட்டும் வெல்டிங் மெஷினின் வயர்ப் பெட்டியைப் பழைய வேட்டியால் இறுக்கக் கட்டிவிட்டு, அதற்கு முன்னால் காவல்காரன் போல நிற்பான். பொட்டு வைக்க யார் வந்தாலும் கையைத் தட்டிவிடுவான். "சாமி இல்லன்ற கட்சில சேந்துட்டியாப்பா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அட, அவனா! பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவன். விஷயம் வேறு. அது அவன் பெண்டாட்டி அருணாதேவிக்குத் தெரியும், ராட்டினக்காரர் சடையனுக்குத் தெரியும்.

சகாதேவன் அடி அண்ணாமலைக்காரன். கேழ்வரகும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம். 1989-ல் திருவண்ணாமலை தனி ஜில்லா ஆன வருஷம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ராணிப்பேட்டைக்குப் போனான். அங்கே ஒரு பட்டறையில்தான் சி.ஓ.டூ வெல்டிங் அவன் கைக்கு வந்தது. சாதா வெல்டிங்கில் ராடைப் பிடித்துக்கொண்டு அது கரையக் கரையக் கையை இறக்க வேண்டும். இதில் அந்தப் பாடு இல்லை. பெட்டிக்குள் கண்டு கண்டாகச் சுற்றிய செப்புப் பூச்சு வயரை இரண்டு சின்ன உருளைகள் கவ்வி இழுத்து, நீளமான குழாய் வழியே கையில் பிடிக்கிற வெல்டிங் துப்பாக்கிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்டுக்கு ஒரு திருகு, வயர் ஓடும் வேகத்துக்கு ஒரு திருகு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய்விட்டால் எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பற்று, அதாவது உருகிய வயர், இரும்புக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். வராவிட்டால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் பூச்சு.

கல்யாணம் ஆகி, மகள் கவிநிலா பிறந்த பிறகு ஊரோடு வந்துவிட்டான். வேங்கிக்காலில் பட்டறை வைத்திருந்த சக்கரபாணி இவனை நம்பித்தான் அந்த மெஷினையே வாங்கிப்போட்டார். நல்ல மனிதர், ஆனால் அவசரக் குடுக்கை. "நம்ம ஜில்லாவுலயே இந்த வேல தெரிஞ்சவன் இவன்தான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசுவார். அதைக் கேட்டுக் கேட்டு சகாதேவனுக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

2001-ஆம் வருஷம். கார்த்திகை தீபத்துக்குத் திடலில் போடுகிற பெரிய ராட்டினத்துக்குப் புதுத் தொட்டில்கள் செய்யச் சொல்லி சடையன் வந்தார். தொட்டிலின் தலைப்பில் தடித்த தகடு ஒன்றைப் பற்றவைப்பார்கள். அதற்குக் காது என்று பேர். காதில் உள்ள ஓட்டையில் கம்பி கோத்துத்தான் தொட்டில் ராட்டினத்தில் தொங்கும். ஆகக்கூடி, ஏறி உட்காருகிற பிள்ளைகளின் உயிர் அந்தக் காதில்தான் இருக்கிறது.

தொட்டில்கள் எல்லாம் தயார், காது வைக்கிற வேலைதான் பாக்கி என்றிருக்கும்போது ஆயுதபூஜை வந்தது. பட்டறையில் பெயின்ட் அடிக்கும் கண்ணாயிரம்தான் பூசாரி. விபூதித் தட்டோடு வந்த அவர் வயர்ப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"உள்ள கீறதுதானப்பா ஆயுதம்? டப்பாவுக்கு மேல வெச்சா இன்னா புண்ணியம்?"

சொல்லிக்கொண்டே வயர்க் கண்டின் மேல் பட்டை பட்டையாக விபூதி பூசினார். குழைத்த சந்தனத்தை உருளைகள் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சகாதேவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். மனசுக்குள் சுருக்கென்றது. பூஜை வேளையில் வாயைத் திறப்பானேன் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை போட்டு, தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். முதல் வேலையே சடையனுடைய காதுகள்தான் என்றார் சக்கரபாணி.

"ஒரு நிமிஷம், மொதலாளி. உருளைய தொடச்சிட்டு ஆரம்பிச்சிட்றேன்."

"வாயக் கழுவு! பூஜ போட்ட பொட்ட எவனாச்சும் தொடைப்பானா? அது தானா போவணும். அதான் மொற."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுத்தான்.

எடுத்த எடுப்பிலேயே சத்தம் கெட்டுவிட்டது. டப் என்றது, அடங்கியது, மறுபடி டப் டப் என்றது. ஈரச் சந்தனமும் விபூதியும் சேர்ந்த உருளையில் வயர் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. வழுக்காமல் போன வயர் சந்தனத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்த் தீயில் போட்டது. உருளையை இறுக்கினான், வேகத்தைக் கூட்டினான். பற்று தோசைமேல் கண் விடுகிற மாதிரி கொப்புளித்துக்கொண்டு வந்தது. அது பற்றே இல்லை என்று அவனுக்குத் தெரியும். அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பதும் தெரியும். சக்கரபாணியோ பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நல்ல நேரம் போவுது, நிறுத்தாத, நிறுத்தாத" என்று நச்சரித்தார். காலை முழுக்க அப்படியே போயிற்று.

மத்தியானத்துக்குள் பொட்டெல்லாம் தேய்ந்து, வயர் பழையபடி ஓடத் தொடங்கியது. வடகம் பொரிகிற சத்தம் வந்தது. அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். காலையில் போட்ட ஓட்டைப் பற்றுகளை எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு ஓட்டம் ஓட்டி மூடினான். செதில் செதிலாகப் பார்க்கவே அவ்வளவு அழகு. சாயங்காலம் கண்ணாயிரம் வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டார். எது காலையில் வைத்த காது, எது மத்தியானம் வைத்தது என்று வைத்தவனுக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அருணாதேவி வடகம் பொரித்தால் விருட்டென்று தலை தூக்கிக் கேட்பான்.

"இன்னாங்க, தட்டுல கைய வெச்சிக்கினு எங்கயோ பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. வேல ஜாஸ்தி."

திடல் வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் ராட்டினம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே வந்தது. முதலில் கால்கள், பிறகு சக்கரம், பிறகு ஒவ்வொன்றாக வெள்ளிக் காதுத் தொட்டில்கள். தகடு தடிமன்தானே, பிள்ளைகள் என்ன கனம் இருக்கப்போகிறார்கள், மணல் மூட்டை வைத்துச் சுற்றிப் பார்த்தார்களாமே, ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு மிதித்தான்.

ஒரு நாள் துணிந்து சக்கரபாணியிடம் போனான். "மொதலாளி, அந்தக் காதுங்கள ஒரு தபா..."

"இன்னா காதுங்கள?"

"இல்ல... பெயின்ட் காஞ்சிச்சானு கேட்டேன்."

சொன்னால் ஜில்லாவிலேயே வேலை தெரிந்தவன் என்ற பேர் போய்விடும். அந்தப் பேரை விட அவனுக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அவனுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

தீபத்துக்கு முந்தைய வாரம். சக்கரபாணி சிரித்துக்கொண்டே வந்தார். "சடையன் சொல்லி அனுப்பிச்சாருப்பா. செஞ்சவன் வூட்டு ஆளுங்கதான் மொத சுத்து சுத்தணுமாம். அவரு அப்பா காலத்துலேர்ந்து அதான் பழக்கமாம். நாளைக்கு உன் பொண்ண இட்டுக்கினு வந்துடு."

சகாதேவன் சரியென்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். வீட்டுக்குப் போனால் செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கவிநிலா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மறுநாள் அருணாதேவி அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். ஜுரம் என்று சொல்லலாமா, பட்டறையில் அவசரம் என்று சொல்லலாமா என்று அவன் வழியெல்லாம் யோசித்தான். யோசித்துக்கொண்டே திடலுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

திடலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சடையன் குழந்தையைத் தூக்கி அடித் தொட்டிலில் உட்காரவைத்து, குறுக்குக் கம்பியைப் போட்டார். அவள் அப்பாவுக்குக் கை காட்டினாள். இஞ்சின் உறுமியது. தொட்டில் லேசாக அசைந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. மேலே அந்த வெள்ளிக் காது வெயிலில் பளபளத்தது.

"நிறுத்து! ஐயோ, நிறுத்துங்க! எறக்குங்க அவள!"

அவன் கத்திய கத்தில் இஞ்சின்காரன் பதறிப்போய் நிறுத்தினான். தொட்டில் இறங்கியது. சகாதேவன் குழந்தையை வாரி எடுத்து அருணாதேவியின் கையில் திணித்தான். பக்கத்தில் கிடந்த சம்மட்டியைத் தூக்கி அந்தக் காதிலேயே ஓங்கி அடித்தான். ணங் என்றது. காது அசையவில்லை. மறுபடி அடித்தான். கல் மாதிரி நின்றது.

"பைத்தியம் புடிச்சிருச்சா உனுக்கு? மானத்த வாங்காதடா!" என்று சக்கரபாணி குதித்தார். அவன் காதில் வாங்கவில்லை. அடுத்த தொட்டிலை இறக்கச் சொல்லி அடித்தான். அதுவும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. சடையன் மட்டும் சிரிக்கவில்லை. "சுத்துடா, ஒவ்வொண்ணா எறக்கு" என்று இஞ்சின்காரனிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எதிர்ப்பக்கத்துத் தொட்டில் ஒன்று இறங்கியது. ஒரே அடி. காது பிய்ந்து மண்ணில் விழுந்தது.

சிரிப்பு நின்றது. சடையன் குனிந்து அதை எடுத்தார். மேலே செதில் செதிலாக அழகான பற்று, உள்ளே முழுக்கப் பொத்தல். விரலால் தடவிப் பார்த்தார். சக்கரபாணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுக்குத்தான்பா செஞ்சவன் வூட்டு ஆள மொதல்ல ஏத்தறது" என்றார் சடையன். குரல் உயரவே இல்லை. பிய்ந்த காதை சகாதேவனின் உள்ளங்கையில் வைத்தார். "உன் பொண்ணு குந்தினது நல்லாத்தான் கீது. இது யாரு பொண்ணுக்கு வெச்சிருந்த?"

அருணாதேவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, என்னைய ஏன் எறக்கி வுட்டாங்க?" என்று கவிநிலா அழுதாள்.

"உங்கப்பனக் கேளு."