விரதம் முடிந்த பிறகு காய்த்த வெண்டை

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் மூன்று மூட்டை வெண்டைக்காய் வந்து இறங்கியது. வாங்கிப்போக வேண்டிய வீடுகள் நாற்பத்தொன்று. பத்து மணி வரைக்கும் வந்தவை ஒன்பது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். எழுந்தேன். கேட்டைத் திறந்து தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தேன். மூட்டையின் வாயைப் பிரித்தேன், கட்டினேன், மறுபடி பிரித்தேன். வெண்டைக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. பறித்தால் சாயங்காலத்துக்குள் வாடும். பறிக்காமல் விட்டால் மறுநாளே செடியில் நார் ஏறி நிற்கும். உள்ளங்கையில் ஒன்றை வைத்து நுனியை ஒடித்தேன். சடக்கென்று ஒடிந்தது.

காய்க்கென்று நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து வரிசையாக வந்திருந்தது. "டீச்சர், இந்த வாரம் வேணாம்." "ஃபிரிட்ஜ்ல எடம் இல்ல டீச்சர்." "ஊருக்கு வந்துட்டோம்." ஒருவர் கைகூப்பும் படத்தை மட்டும் போட்டிருந்தார். முந்தின வாரமும் இப்படித்தான். பள்ளிக்கூட லீவு, ஊர்ப் பக்கம் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிச் சமாளித்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கையில் பையோடு வெளியே வந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கறி எடுக்கத்தான். செத்த நேரம் பிந்துனா எலும்பத்தான் அள்ளிப் போடுவான்."

"நேத்தும் கறிதான?"

"நாப்பது நாளு பூசணிக்காயும் பொடலங்காயுமா ஓட்டுனேன்ல. நாக்கு செத்துப்போச்சும்மா." செருப்பை மாட்டியவர் மூட்டைகளைப் பார்த்து நின்றார். "இத யாரு திங்கப்போறா? ஒன் லிஸ்ட்டுல இருக்கிற ஆளுகள முக்காவாசி நான் கறிக்கடை வாசல்லதான் பாக்குறேன்."

அவர் வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கறியோ மீனோ அடுப்பேறாது. தவக்காலம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். இந்த வருடமும் நாற்பது நாளும் கறி தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதைக்குப் போனேன். முழங்காலில் இருந்தேன். எல்லாம் செய்தேன். ஆனால், பதினெட்டு வீடாக இருந்த எங்கள் பட்டியல் சாம்பல் புதன் வந்த வாரத்தில் நாற்பத்தொன்றாக எகிறியபோது, அது எதனால் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெருவின் ஜெபக்கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசியிருந்தேன். பக்கத்துக் காட்டில் விளைந்ததைப் பக்கத்து வீட்டார் தின்ன வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் சாலை அடைத்தால் நாம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுவாரம் பட்டியல் நிறைந்தது. என் பேச்சு பலித்துவிட்டது என்று நினைத்தேன். பாடம் சொல்லியும் கட்டுரை எழுதியும் வார்த்தையை நம்பியே பிழைக்கிற புத்தி. வேறு என்ன நினைக்கும்?

சாலை அடைத்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஊரடங்கு வந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு வாரம் காய் வரவில்லை. ரசமும் அப்பளமுமாக உட்கார்ந்திருந்தோம். அதே வாரம், தாடிக்கொம்பு தாண்டி அகரம் கிராமத்தில் ஒரு அக்காவின் தோட்டத்தில் கத்தரிக்காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போக லாரி இல்லை. ஸ்கூட்டரில் அரை மணி தூரம்கூட இல்லை, நடுவில் ஒரு தடுப்புக் கம்பு, அந்தப் பக்கம் காய், இந்தப் பக்கம் பசி. அந்த நினைப்பு என்னை உட்காரவிடவில்லை, தூங்கவிடவில்லை. ஊரடங்கு முடிந்ததும் அக்காவைத் தேடிப் போனேன். வாரம் இரண்டு நாள், காட்டில் என்ன இருக்கிறதோ அதை எங்கள் வாசலில் இறக்குவது. சேர்ந்த வீடுகள் இருப்பதைப் பகிர்ந்து எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான் ஏற்பாடு. மெதுவாக, பிசகில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மெதுவாக நடப்பது எதுவும் எனக்கு ஆகாது.

பட்டியல் நாற்பத்தொன்றானதும், இருக்கிற காய் பத்தாது என்று அன்றைக்கே அகரத்துக்கு ஓடினேன். அக்காவிடம் சம்பங்கி நாற்பது சென்ட் இருந்தது. விடிகிற முன்னே பறித்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவார். லாரி ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டை நிறுத்தி வைத்திருந்தது அந்தச் சம்பங்கிதான்.

"திடீர்னு எப்பிடி டீச்சர் இம்புட்டு வீடு?" என்று கேட்டார்.

"சனங்களுக்கு மனசு மாறிருச்சுக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சம்பங்கியைத் தோண்டி எடுத்தார். கிழங்கையெல்லாம் ஆத்தூரில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். டிராக்டர் ஓட்டி, மண்ணை வரிசை வரிசையாக மேடாக்கிப் பார் பிடித்து, வெண்டை ஊன்றினார். ஊன்றி நாற்பத்தைந்து நாளில் வெண்டை காய்க்கும். நாற்பத்தைந்து நாள். எண்ணிப் பார்த்திருந்தால், காய் வரும்போது ஈஸ்டர் கழிந்திருக்கும் என்று விரல் நுனியிலேயே தெரிந்திருக்கும்.

மூட்டைகளை வாசலில் விட்டு அகரத்துக்கு வண்டியை விட்டேன். அக்கா செடிகளுக்கு நடுவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். காயின் அரிக்கிற சுணை படாமல் இருக்கப் பழைய சட்டையைக் கையில் மாட்டியிருந்தார்.

"என்ன டீச்சர், வேர்த்து ஊத்துது? காய் பத்தலையா?"

சொன்னேன். தவக்காலம் என்றால் என்ன, எப்போது தொடங்கும், எப்போது முடியும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் நிமிர்ந்து கேட்டார். கையிலிருந்த காய்களைக் கூடையில் போட்டார்.

"அப்ப, வெரதத்துக்குத்தான் வாங்குனாகளா?"

"ஆமாக்கா."

"நீங்களும் வெரதம் இருந்தீகளா?"

"இருந்தேன்."

"நாப்பது நாளும்? கறி திங்காம?"

"ஆமாக்கா."

"பெறகு எப்பிடி டீச்சர் ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூடையைத் தூக்கி மோட்டார் ரூம் நிழலில் வைத்தார். தண்ணீர் குடித்தார். எனக்கும் சொம்பை நீட்டினார்.

"சம்பங்கி இருந்தா இந்நேரம் தெனம் ஒரு கூடை" என்றார். பிறகு, "இனிமே எனக்கு இந்தக் காய் வேலையே வேணாம்னு தோணுது டீச்சர். கெழங்கைத் திருப்பிக் கேக்கணும். அவகிட்டப் போயி நிக்கணும். அதத்தான் நெனச்சா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"நானும் வாரேன்க்கா."

"எதுக்கு? என்னத் தனியா ஏசுறது பத்தாதா?"

அந்த வாரம் முழுக்க வெண்டைக்காயோடு அலைந்தேன். கன்னியர் நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதியில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டார்கள். அங்கே சமைக்கிற அம்மா, "பிள்ளைக தட்டுல ஒதுக்கி வைக்கிறத நீங்க வந்து பாக்கணும்" என்றார். மண்டியில் தரகர் மூட்டையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்புட்டுப் பேரும் வெண்டக்காதான் கொண்டாறாக. வெலை கேக்காதீக, வச்சிட்டுப் போங்க." மிச்சத்தை நறுக்கி மோரில் ஊறப்போட்டு மொட்டை மாடியில் காயவைத்தேன். வத்தல் நடுவே என் வீட்டுக்காரர் கொடியில் வேட்டி உலர்த்த வந்தார். "அடுத்த தவக்காலத்துக்கு வெஞ்சனம் இப்பவே ரெடி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்தால் பார் பாராகச் செடி தெரிந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் நீண்டுகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் ஆத்தூருக்குப் பஸ் ஏறினோம். நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மதினி. என்னையப் பாக்க வந்தீகளா, கெழங்கப் பாக்க வந்தீகளா?"

"ரெண்டையுந்தான் புள்ள."

"கூட யாரு?"

"டவுன் டீச்சர். காய் வாங்குறவுக."

"ஓ, வெரதக்கார டீச்சரா!" என்று வாய் நிறையச் சிரித்தார். சேதி எங்களுக்கு முன்னே பஸ் ஏறி வந்திருந்தது. "எங்கண்ணன் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. ஒக்காருங்க டீச்சர், எங்க வீட்ல கறிதான், தின்பீகள்ல?"

உட்கார்ந்தோம். சாப்பிட்டோம். பிறகு கொல்லைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். சம்பங்கிக் கிழங்கு அத்தனையும் நட்டு, முளைத்து, இலை விட்டு நின்றது. அக்கா குனிந்து ஒரு தூரின் மண்ணை விரலால் தள்ளிப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"இப்பத் தோண்டுனா ஒங்களுக்கும் ஆகாது எனக்கும் ஆகாது மதினி. பக்கக் கெழங்கு பெருகட்டும். வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போங்க."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆகட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதான் வெண்டக்கா இருக்குல்ல?"

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பேச வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். என்ன சொன்னாலும் பேச்சுத்தானே. பேச்சால் வந்த வினைதானே எல்லாம். வழியில் ஆத்தூர் அணைத் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்ச் சேறு வெடித்துக் கிடந்தது. அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அவர் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க ஆளுகளுக்கு மாசி பங்குனி. எங்க ஆளுகளுக்குப் புரட்டாசி. கார்த்திகைல மலைக்கு மாலை போடுறாக. தையில பழனிக்கு நடக்குறாக. அப்பவும் கறி கெடையாது. சரியா?"

"சரிக்கா."

"சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும்?"

விரலை விட்டு யோசித்தேன். "யாருக்கும் இல்லக்கா."

"கெணத்துலயும் தண்ணி இருக்காது. அப்பச் செண்டுமல்லி ஊனிக்கிறேன், அது கொஞ்சத் தண்ணியில வந்துரும்." பஸ் டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகினார். "வெரதம் இல்லாமயும் ஒம்பது வீடு வந்துச்சே, அவுகளுக்கு எப்பவும் போல வரும். மிச்சத்துக்கு, ஒங்க தெருவுல எங்க ஆளுக வீட்டுலயும் புரட்டாசி கேட்டுச் சொல்லுங்க. ஆடி பொறக்கிறதுக்குள்ள வேணும், அப்பத்தான் வெதை போட ஏலும். ஆனா மனசு மாறிருச்சுன்னு மட்டும் சொல்லாதீக. கறி நிறுத்துவீகளான்னு கேளுங்க. எத்தன நாளுன்னு கேளுங்க."

ஊரை மாற்றப் புறப்பட்டவள் நான். மண்ணையும் மனத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள். அதன்பிறகு இரண்டு மாதம், வீடு வீடாகக் கதவைத் தட்டி நான் கேட்டது ஒரே கேள்வி.

"புரட்டாசில கறி திம்பீங்களா?"

"என்ன டீச்சர், இப்பச் சித்திரைதான நடக்குது?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "எங்கப்பா மாசம் பூரா திங்க மாட்டாரு. நான் சனிக்கிழமை மட்டும்."

"சனிக்கிழமை மட்டும்னா, நாலு நாளா?"

"அஞ்சு வந்தா அஞ்சு. ஏன் டீச்சர், உடம்புக்கு ஏதும் செய்யுதா ஒங்களுக்கு?"

ஒரு வீட்டில், மருமகள் விரதம், மாமியார் இல்லை, இரண்டு அடுப்பு. ஒரு வீட்டில், போன வருடம் இருந்தார்கள், இந்த வருடம் மகனுக்கு ஜிம். ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண் நான் வாயைத் திறக்கும் முன்னே, "இந்த வாரம் வேணாம் டீச்சர்" என்றாள். எழுதிக்கொண்டேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். ஜெபக்கூட்டத்தில் பேசியபோது தெரியாத எத்தனை சமையல்கட்டுகள் இந்த ஒரே தெருவில்.

ஆனி கடைசி வாரத்தில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க டீச்சர்."

"மாசம் பூரா இருக்கிறது பதினோரு வீடுக்கா. சனிக்கிழமை மட்டும் எட்டு. ரெண்டு வீடு பாப்போம்னாக."

"பாப்போம்ங்கறத விட்ருங்க."

மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப்போய் யாரையோ மடை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

"நாலு பாத்தி போடுறேன்" என்றார்.

"நாலுதானாக்கா? நாப்பது சென்ட்டுல..."

"நாலு டீச்சர். இந்தத் தடவ நாலுதான்."

வைத்துவிட்டார். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நாலு பாத்தி. அது குறைவா, சரியா, அதுவும் அதிகமா என்று எனக்குத் தெரியவில்லை. மணி நாலரைதான் ஆகியிருந்தது. பாப்போம் என்று சொன்ன அந்த இரண்டு வீட்டில் யாராவது இருப்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.