காவேரி அக்கா வைத்த சிவப்பு

ஓசூரில் எங்கள் கம்பெனியில் காவேரி அக்கா சிவப்புப் பெயின்ட் வைத்தால் வைத்ததுதான். பத்து வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜை அவருடையது. பக்கத்து மேஜையில் பேக்கிங் என்னுடையது. அவர் பிடிவாதத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒருமுறை கெலமங்கலம் பஸ் என்று நினைத்துப் பாகலூர் பஸ்ஸில் ஏறிவிட்டு, கண்டக்டர் சொல்லியும் இறங்காமல், "அங்கதான் எனக்கு வேல" என்று பாகலூர் வரை போய்த் திரும்பியவர். கூட நானும் மாட்டிக்கொண்டேன்.

இது போன மார்கழியில் நடந்தது. முனிவேல் கடைந்து தரும் இரும்பு வளையங்களின் துளைக்குள், கேஜ் என்கிற எஃகு உருளையை நுழைத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. நுழைந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்பு. மூன்று நாளாகக் காலை டீக்குப் பிறகு கொஞ்ச நேரம் சிவப்பாகவே விழுந்தது.

"அக்கா, இன்னொரு வாட்டி பாருங்கக்கா" என்று கெஞ்சினான் முனிவேல்.

"காலைல தூங்கி வழிஞ்சுகிட்டு மிஷின் ஓட்டுனா இப்பிடித்தான். போ, போ."

அவன் இரண்டு பிள்ளைக்காரன். அவனைப் பர்மனென்ட் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அன்று மத்தியான மீட்டிங்கில் முடிவாக வேண்டும். எனக்கு அக்கா மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சாப்பிட்டு வந்த அக்கா, மீட்டிங்கில் காட்டுவதற்காகச் சிவப்பு வைத்த ஒன்றை எடுத்துக் கேஜை நுழைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இன்னொன்று எடுத்தார். அதுவும் போனது. அடுத்தடுத்து எடுத்துப் பார்த்த பத்தும் போயின. அக்காவின் பார்வை மேஜை ஓரத்து டீ டம்ளரில் போய் நின்றது. அந்த மூன்று நாளும் அடித்த குளிரில் கேஜைத் தொட்டால் விரல் மரத்துவிடும். அதனால் டீ வந்ததும் சூடான டம்ளரோடு அதை ஒட்டி வைத்துச் சூடாக்கிக்கொள்வார். சூட்டில் எஃகு ஒரு மயிரிழை பருத்திருக்கிறது.

பார்த்தது நான் மட்டும்தான். "சொல்லாட்டி யாருக்கும் தெரியாதுக்கா" என்று பயத்தில் உளறினேன்.

"சொல்லாட்டி அவன் வேல போயிருமேடி" என்றார்.

மீட்டிங்கில் சூப்பர்வைசர் குருமூர்த்தி வாயைத் திறக்கும் முன்பே அக்கா முன்னால் வந்து நின்றார். "சார், மூணு நாளா நான் வெச்ச சிவப்பு தப்பு. முனிவேலு மேல குத்தமில்ல. எல்லாம் என் டீ டம்ளர் பண்ணுன வேல." விவரம் கேட்டதும் கூட்டமே சிரித்தது. குருமூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அளக்கச் சொன்னார். நாலைத் தவிர மீதியெல்லாம் பாஸ். முனிவேல் பர்மனென்ட் ஆனான். மேஜைமேல் டம்ளர் வைக்கக்கூடாது என்று ஒரு போர்டும் வந்தது.

இனிமேல் அக்கா சிவப்பு வைத்தால் ஆளாளுக்கு மல்லுக்கு நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் முனிவேல் தந்த வளையம் ஒன்றுக்குச் சிவப்பு விழுந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு நேரே மிஷினுக்கு நடந்தான். அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லலையா?"

"எதுக்குக்கா? தப்புன்னா நீங்களே வந்து சொல்லிருவீங்களே."