மார்கரெட்டும் நாலாவது ஆளும்

கணவர் மைக்கேல் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. தில்லி ஜனக்புரி வீட்டில் மார்கரெட் தனியாக இருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளின் சொந்தக்காரர்களை ஹிந்தியில் அதட்டி வார்டை விட்டு விரட்டுவதில் பேர் வாங்கியவள். மாலையில் டீ குடித்ததும் டிவி முன் உட்கார்ந்து குத்துச்சண்டை ஆடுவாள். பிள்ளைகளுக்காக மைக்கேல் பாலிகா பஜாரில் வாங்கிய பழைய கேசட் வீடியோ கேம் அது. பிள்ளைகள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். மார்கரெட்டும் மைக்கேலும் விடவில்லை.

திரையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் குள்ளன்தான் நம் ஆள். எதிரே இரண்டு மடங்கு உயரத்தில் ஒருவன். சும்மா குத்திக்கொண்டே இருந்தால் அவன் தடுத்துவிடுவான். தடுக்கத் தடுக்க நம் ஆளின் தெம்பு குறையும். தெம்பு தீர்ந்தால் உடம்பு வெளிறிப்போகும், கை எழாது. எதிராளி குத்துவதற்கு முன் ஏதாவது காட்டிக்கொடுப்பான். ஒருவனுக்குக் கண் மின்னும். ஒருவன் தோளைக் குலுக்குவான். அந்தக் கணத்தில் விலகினால் குத்து காற்றில் போகும், அவன் தடுமாறுவான். அப்போது அடிக்க வேண்டும். விழுந்தால் நடுவர் பத்து எண்ணுவதற்குள் பட்டன்களைப் படபடவென்று அழுத்தி எழ வேண்டும்.

மொத்தம் நாலு பேர். மூன்று பேரை மார்கரெட் பேசிக்கொண்டே சாய்ப்பாள். நாலாவது ஆளை அந்த வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை.

சென்னையிலிருந்து வந்த மகன் ரெஜின் சுவரில் பெரிய டிவியை மாட்டினான். பழைய பெட்டி டிவி பரணுக்குப் போனது. அன்று மாலையே அவள் முதல் ஆளிடம் தோற்றாள். மறுநாளும் தோற்றாள்.

"அம்மா, உங்க ரிஃப்ளெக்ஸ் போச்சு," என்றான் ரெஜின். "இந்த டிராஃபிக்ல எப்படித் தனியா ரோடு கிராஸ் பண்ணுவீங்க? ஞாயித்துக்கிழமை என்கூட சென்னைக்கு வந்துருங்க. வீட்டை வாடகைக்கு விட்டுரலாம்."

"நான் எங்கயும் வரல மக்ளே. அடி விழுந்த பொறவுதான் அவன் கண்ணு மின்னுது. எனக்கு ஒண்ணும் ஆகல. ஒன் டிவிக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

"புது டிவிம்மா அது!"

"ஒன் கல்யாண கோட்டும் புதுசுதான். போட்ட அன்னைக்கே கிழிஞ்சுது."

சனிக்கிழமை மகள் ஜெனிஃபர் வந்தாள். குர்கானில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. தானே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாள்.

"அரே அண்ணா, அம்மா சொல்றது சரி. பழைய டிவி வர்ற படத்தை அப்படியே காட்டும். இது உள்ள வாங்கி, பெருசாக்கி, பாலிஷ் போட்டுக் காட்டுது. அதுக்குள்ள அவன் குத்திடறான்."

அண்ணனும் தங்கையும் பரணிலிருந்து பழைய டிவியை இறக்கினார்கள். "ஜல்தி, ஜல்தி," என்று கீழே நின்று விரட்டினாள் மார்கரெட்.

முதல் ஆள் முதல் சுற்றிலேயே சாய்ந்தான். அடுத்தவன், அதற்கடுத்தவன். நாலாவது ஆள் வந்தான். இவன் ஏமாற்றுக்காரன்; கண்ணை மின்னவிட்டுக் குத்தாமல் காத்திருப்பான், விலகியவள் திரும்பி வரும்போது குத்துவான். அவள் விழுந்தாள், எழுந்தாள். மறுபடி விழுந்து, நடுவர் ஒன்பது என்றபோது எழுந்தாள். மூன்றாம் முறை எழவில்லை.

"பாத்தீங்களா, தோத்துட்டீங்க," என்றான் ரெஜின்.

"தோத்தேன். ஒங்கப்பாவும் கடைசிவரை இவங்கிட்ட தோத்துக்கிட்டுதான இருந்தாரு? அதுக்காக அவர யாராவது சென்னைக்குப் பார்சல் பண்ணினமா?"

ஜெனிஃபர் சிரித்துவிட்டாள். ரெஜின் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க ரெண்டு பேரு இருந்தீங்கம்மா."

மார்கரெட் ஆட்டப் பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இப்ப ஒருத்தி," என்றாள். "அடி வாங்கறதும் நான்தான், எந்திரிக்கறதும் நான்தான். நகரு மக்ளே, டிவிய மறைக்காத."

ஞாயிற்றுக்கிழமை ரெஜின் தனியாகக் கிளம்பினான். ஆட்டோ திரும்பும்வரை அவள் கையசைத்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ் போட்டாள். பாதியில் நிறுத்தியிருந்த ஆட்டத்தில் நாலாவது ஆள் கையை ஓங்கியபடி உறைந்து நின்றிருந்தான்.

"வாடா," என்றாள்.