மூன்றாவது செல்

அழுது வடிகிற பல்புக்கும் முனகுகிற மோட்டாருக்கும் ஒரே வியாதிதான் என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியபோது, சித்தப்பா கேமராவின் முதுகைத் திறக்கக் கை வைத்திருந்தார். திறந்திருந்தால் காலையில் எடுத்த படமெல்லாம் வெளிச்சம் பட்டுப் பாழ்.

சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்த கேமரா அது. பிலிமைக் கையால் நகர்த்த வழியே கிடையாது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் ‘சர்ர்ர்’ என்று தானே சுற்றிவிடும். அது ஓடாவிட்டால் படமும் இல்லை. கைப்பிடிக்குள் நான்கு பென்சில் செல். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அன்று காலை எங்கள் ஒரகடம் வீட்டு வாசலில் கன்றுக்குட்டியை ஐந்து படம் எடுத்தோம்.

உண்மையில் எடுக்கவேண்டியிருந்தது அத்தையை. வாலாஜாபாத் மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிய இரண்டு முறையும் அத்தைக்குத் தலைவலி வந்துவிட்டது. அதே ஊருக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற நாளில் மட்டும் வராத தலைவலி. மறுநாள் சித்தப்பா சிங்கப்பூர் திரும்புகிறார். அன்றைக்கு விட்டால் கிடையாது.

சாப்பாடு முடிந்ததும், வாசல் சுவரில் கட்டிய பூப்போட்ட போர்வைக்கு முன்னால் அத்தை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். சித்தப்பா அமுக்கினார். கேமரா ‘ம்ம்ம்’ என்று முனகியது. அவ்வளவுதான்.

“இன்னா இது, காலைல நல்லா ஓடிச்சே!”

“கன்னுக்குட்டியப் பாத்த கண்ணு. மனுச மூஞ்சி புடிக்கல போல கீது” என்றார் அப்பா.

சாப்பாட்டுக்கு முன் கேமராவைத் துடைத்து அலமாரியில் வைத்தவள் அத்தைதான். அவளும் சொன்னாள்: “விடுண்ணா, சகுனமே சரியில்ல. டைப்பிங் பரீட்ச முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.”

“பிலிம் சிக்கிக்கினு கீது” என்று சித்தப்பா முதுகில் கை வைத்தார்.

எனக்கோ ஏழாம் வகுப்பு விஞ்ஞானம் சூடாக இருந்தது. நான்கு செல்லில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் பல்பு அணைந்தும் அணையாமல் அழுது வடியும் என்று பள்ளியில் பார்த்திருந்தேன்.

“தொறக்காத சித்தப்பா! செல்லப் பாரு!”

கைப்பிடியை நானே திறந்தேன். மூன்றாவது செல் தலைகீழாகப் படுத்திருந்தது. திருப்பிப் போட்டேன். சர்ர்ர்!

“எங்க வூட்டு எஞ்சினீருடா!” என்று அப்பா கூத்தாடினார். அத்தை மட்டும் மெதுவாக, “ரொம்ப கெட்டிக்காரிடி நீ” என்றாள். அதையும் பாராட்டு என்றே வாங்கி வைத்துக்கொண்டேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் பட்டது என்றார்கள். தையில் கல்யாணம். பரீட்சையை அவள் எழுதவேயில்லை.

காலையில் நேராகக் கிடந்த செல் மதியத்துக்குள் எப்படிப் புரண்டு படுத்தது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கோளாறைக் கண்டுபிடிப்பதோடு என் விஞ்ஞானம் முடிந்துவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. மோட்டார் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள். நான்கு செல்லும் போட்டு, மூன்றாவதை மட்டும் திருப்பி வைத்து, அவளை நிற்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கப் போகிறேன். முனகட்டும். இந்த முறை நான் கைப்பிடியைத் திறக்கமாட்டேன்.